சின்ன இணைய வானொலியும் பாட்டுகளின் பதிப்புரிமையும்: கோப்பு முதல் ராயல்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இணைய வானொலி ஆரம்பித்த முதல் வாரமே எனக்கு மானம் போனது. பாட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பிளேயரில் பாடகர் பெயருக்குப் பின்னால் ஒரு திருட்டுத் தளத்தின் முகவரியும் ஒட்டிக்கொண்டு ஓடியது. நண்பர் ஒருவர் பாசமாகக் கொடுத்த ஹார்ட் டிஸ்க். நாலாயிரம் பாட்டு. எல்லாவற்றின் வயிற்றிலும் அதே முகவரி. ஒரு நேயர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்களே விளம்பரம் செய்கிறீர்களே" என்று எழுதியிருந்தார்.

அன்று ராத்திரியே உட்கார்ந்து, கோப்புக்குள் பாடல் விவரங்களை வைத்திருக்கும் டேக் எல்லாவற்றையும் அழித்தேன். பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைத்தேன். முகவரியை அழித்துவிட்டால் கோப்பு வந்த வழி மாறிவிடாது என்பது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

உங்கள் நிலையத்தில் ஓடும் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது? இதை ஒலிபரப்ப யார் அனுமதி கொடுத்தார்கள்? இரண்டும் வேறு வேறு. காசு கொடுத்து வாங்கிய சிடி முதல் கேள்விக்குப் பதில், இரண்டாவதற்கு இல்லை. உரிமக் கட்டணம் கட்டிய ரசீது இரண்டாவதற்குப் பதில். முதல் கேள்வி அப்படியே நிற்கும். அமெரிக்கச் சட்டத்தில் இணைய வானொலிக்கான உரிமமே, முறையாக உருவாக்கப்பட்ட பிரதியிலிருந்துதான் ஒலிபரப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. திருட்டு எம்பி3-யை ஓட்டினால், பணம் கட்டியிருந்தும் உரிமத்தை மீறியதாகிவிடும்.

ஒரு சின்ன விஷயம். பேச்சுவழக்கில் எல்லோரும் 'காப்புரிமை' என்கிறோம். அது கண்டுபிடிப்புகளுக்கான சொல். பாட்டுக்கு இருப்பது பதிப்புரிமை. கடிதம் எழுதும்போதாவது சரியான சொல்லைப் போடுங்கள்.

படி 1: ஒரு பாட்டில் இருக்கும் இரண்டு சொத்துகள்

இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். மெட்டும் வரிகளும் சேர்ந்தது ஒரு சொத்து. அதை ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. முதலாவது இசையமைப்பாளர், பாடலாசிரியர், அவர்களின் பதிப்பகத்தார் கையில் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் இசை நிறுவனம் அல்லது தயாரிப்பாளர் கையில்.

ஒரே மெட்டைப் பத்துப் பேர் பாடினால் மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு பத்து. அதனால், பாடியவரே "தாராளமாகப் போடுங்க" என்று சொன்னாலும் போதாது. அவரிடம் எந்தச் சொத்து இருக்கிறது என்று கேட்க வேண்டும். பல நேரம் இரண்டுமே இருக்காது.

படி 2: கையில் இருப்பதைப் பிரித்து அடுக்குங்கள்

உரிமம் தேடி ஓடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்து நேரத்தை வீணாக்கினேன்.

ஒரு விரிதாள் திறந்து, பாட்டு ஒன்றுக்கு ஒரு வரி என்று போடுங்கள். பாடல் பெயர், பாடியவர், ஆல்பம், இசை நிறுவனம், ஐ.எஸ்.ஆர்.சி. எண், கோப்பு வந்த வழி, வந்த தேதி, அனுமதிக்கான ஆதாரம், அந்த ஆதாரம் சேமித்திருக்கும் இடம். ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள 12 இட அடையாளக் குறியீடு. அறிக்கை அனுப்பும்போது இது இருந்தால் பாதி வேலை மிச்சம். டேக்குகளைச் சரிசெய்ய மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் மாதிரியான இலவச மென்பொருள் உதவும்.

சந்தேகக் கோப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, டேக்கில் உள்ள குறிப்புப் பகுதியும் ஆல்பம் படமும். திருட்டுத் தளங்கள் அங்கேதான் முத்திரை குத்தும். இரண்டு, பாட்டின் முதல் சில விநாடிகள். சில தளங்கள் தங்கள் பெயரைக் குரலாகவே சேர்த்துவிடும். மூன்று, அதிர்வெண் படம், அதாவது எந்தெந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் படம். ஸ்பெக் மாதிரி ஒரு மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். 320 கேபிபிஎஸ் (உயர்ந்த ஒலித்தரம்) என்று பெயர் இருக்கும். படத்திலோ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் காலியாக இருக்கும். அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ்-ல் இருந்ததை ஊதிப் பெருக்கியது, இல்லையென்றால் வீடியோ தளத்திலிருந்து உருவியது. இது நீதிமன்றத்துக்கான சாட்சியம் ஆகாது. ஆனால் எந்தக் கோப்பைத் தூக்கிப்போடலாம் என்று முடிவெடுக்க இது போதும்.

வந்த வழி தெரியாதவற்றை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். என் நாலாயிரத்தில் மிஞ்சியது முந்நூறு சொச்சம். அழுகை வந்தது உண்மை. ஆனால் அந்த முந்நூறைப் பற்றி யார் கேட்டாலும் பதில் இருந்தது.

மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் இசைச் செயலிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்குகள் சொந்தமாகக் கேட்பதற்கு மட்டும். அதிலிருந்து வயர் இழுத்து ஸ்ட்ரீமில் விட்டால், பதிப்புரிமையோடு அவர்களின் ஒப்பந்தத்தையும் சேர்த்து மீறுகிறீர்கள்.

படி 3: யாரிடம் உரிமம் வாங்குவது

இரண்டு சொத்து என்பதால் பெரும்பாலான நாடுகளில் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்கும் ராயல்டி வசூலிக்கும் ஒரு சங்கம், ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. பிரிட்டனில் பி.ஆர்.எஸ். மற்றும் பி.பி.எல். ஜெர்மனியில் கெமா, ஜி.வி.எல். கனடாவில் சோகன், ரீசவுண்ட். ஆஸ்திரேலியாவில் ஆப்ரா ஆம்காஸ், பி.பி.சி.ஏ. அமெரிக்காவில் ஒலிப்பதிவுக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் ஒன்றுதான். மெட்டுக்கு ஆஸ்காப், பி.எம்.ஐ., செசாக், ஜி.எம்.ஆர். என்று நாலு வாசல். ஒரு பாடலை எழுதியவர்கள் வேறு வேறு சங்கத்தில் இருக்கலாம் என்பதால் ஒன்றோடு நிறுத்த முடியாது.

இந்தியாவில் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவில் பெரிய பகுதிக்கு பி.பி.எல். இந்தியா. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 31டி பிரிவு, ஒலிபரப்பு நிறுவனங்கள் நிர்ணயித்த கட்டணம் கட்டிப் பாட்டை ஒலிபரப்ப வழி செய்தது. இணைய நிலையங்களும் அதில் நுழைந்துவிடலாம் என்று பலர் நம்பினார்கள். 2019-ல் டிப்ஸ் இசை நிறுவனத்துக்கும் விங்க் என்ற பாட்டுச் செயலிக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அந்தப் பிரிவு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான், இணைய ஸ்ட்ரீமிங்குக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே 31டி-யைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால் நம்பிக் காலை விடாதீர்கள். உரிமையாளரோடு பேசித்தான் வாங்க வேண்டும்.

அடுத்து எல்லை. ஸ்ட்ரீம் உலகம் முழுக்கப் போகும், உரிமம் போகாது. சர்வர் ஒரு நாட்டில், நீங்கள் ஒரு நாட்டில், நேயர் மூன்றாவது நாட்டில் என்றால், நேயர் கேட்கும் நாட்டின் உரிமையாளரும் கேள்வி கேட்கலாம். அமெரிக்க இணைய வானொலியான பண்டோரா 2007-ல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நேயர்களைத் தடுத்தது இதனால்தான். வானொலிகளைத் தொகுத்துக் காட்டும் டியூன்இன் மீது பிரிட்டனில் நடந்த வழக்கிலும், அங்கே உரிமம் இல்லாத வெளிநாட்டு நிலையங்களை பிரிட்டன் நேயர்களுக்குக் காட்டியது மீறல் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. 2021-ல் மேல்முறையீட்டிலும் பெரும்பகுதி அப்படியே நின்றது.

உங்களுக்கான வழி சுலபம். ஒரு மாத சர்வர் பதிவை எடுத்து, நேயர்கள் எந்தெந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணுங்கள். பெரும்பாலான சின்ன நிலையங்களில் இரண்டு மூன்று நாடுகளே முக்கால்வாசி நேயர்களைக் கொண்டிருக்கும். அந்த நாடுகளுக்கு உரிமம் வாங்குங்கள். மற்றவற்றை நாடு வாரியாகத் தடுக்கும் வசதி இன்றைய ஸ்ட்ரீமிங் மென்பொருள்களில் உண்டு. மனசு கேட்காதுதான். மூன்று நேயருக்காக ஒரு நாட்டின் முழு உரிமம் வாங்குவதைவிட இது நல்லது.

உரிமத்தையும் சேர்த்தே தரும் ஸ்ட்ரீமிங் சேவைகளும் இருக்கின்றன. தனி ஆளாக நடத்துபவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த நாடுகள், இரண்டு சொத்தும் அடக்கமா, அவர்களின் தளத்துக்கு வெளியே உங்கள் சொந்தப் பிளேயரில் ஓடினாலும் செல்லுமா.

படி 4: கட்டணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

அமெரிக்க முறையை உதாரணத்துக்கு எடுக்கிறேன், ஏனென்றால் அங்கே எல்லாம் வெளிப்படையான எண்ணாக இருக்கிறது. ஒரு பாட்டு ஒரு நேயர் காதில் விழுந்தால் அது ஒரு 'நிகழ்த்தல்'. ஐந்து விநாடி கேட்டுவிட்டு ஓடினாலும் ஒன்றுதான். 2021-ம் ஆண்டுக்கு, சந்தா இல்லாத வணிக நிலையத்துக்கு நிகழ்த்தல் ஒன்றுக்கு 0.0021 டாலர்.

சராசரியாக எந்நேரமும் 20 நேயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேயர் ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு நேயர்-மணி. ஒரு மாதத்துக்கு 20 × 24 × 30 = 14,400 நேயர்-மணி. மணிக்கு 15 பாட்டு என்றால் 2,16,000 நிகழ்த்தல். 0.0021-ஆல் பெருக்கினால் மாதம் 453 டாலர் 60 சென்ட். வருடத்துக்கு ஐயாயிரத்து நானூறைத் தாண்டும். அதுவும் ஒலிப்பதிவுக்கு மட்டும். மெட்டுக்கு அந்த நாலு வாசலும் தனி. இருபது பேர் கேட்கும் நிலையத்துக்கு இது சின்னக் காசு இல்லை.

வணிகம் சாராத நிலையம் என்றால் கதை வேறு. மாதம் 1,59,140 நேயர்-மணி வரை வருடக் குறைந்தபட்சக் கட்டணத்திலேயே அடங்கும். 2021 முதல் 2025 வரை அது 1,000 டாலராக இருந்தது. மணிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் எந்நேரமும் சுமார் 220 நேயர்கள் வரை. ஆனால் "நான் விளம்பரமே போடுவதில்லை, எனவே நான் வணிகம் சாராதவன்" என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. வரிவிலக்குப் பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும், அல்லது அதற்கு நியாயமாக விண்ணப்பித்திருக்க வேண்டும், அல்லது அரசு சார்ந்ததாக இருக்க வேண்டும்.

கட்டண விகிதம் நிலையாக நிற்பதில்லை. 2007-ல் புதிய விகிதம் அறிவிக்கப்பட்டபோது, ஜூன் 26 அன்று ஏராளமான அமெரிக்க இணைய நிலையங்கள் ஒரு நாள் முழுக்க மௌனமாக இருந்து எதிர்ப்புக் காட்டின. பிறகு சிறிய நிலையங்களுக்குச் சலுகை விகிதம் கிடைத்தது. அந்தச் சலுகை 2015 முடிவோடு காலாவதியாக, ஆயிரக்கணக்கான சின்ன நிலையங்களைத் தாங்கிக்கொண்டிருந்த லைவ்365, 2016 ஜனவரி கடைசியில் மூடிவிட்டது (அடுத்த ஆண்டு வேறு கையில் திரும்பி வந்தது). அதனால் உரிமம் எடுக்கும்போதே அந்த விகிதம் எந்தத் தேதி வரை என்று கேட்டு, காலண்டரில் மூன்று மாதம் முன்னால் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

நேயர்-மணியை எங்கிருந்து எடுப்பது? ஸ்ட்ரீமை நேயர்களுக்கு அனுப்பும் மென்பொருளான ஐஸ்காஸ்ட் சர்வரின் பதிவுக் கோப்பில் ஒவ்வொரு நேயருக்கும் ஒரு வரி இருக்கும். வரியின் கடைசி எண், அவர் எத்தனை விநாடி இணைந்திருந்தார் என்பது. 3612 என்றிருந்தால் ஒரு மணி நேரமும் 12 விநாடியும். எல்லா வரியின் கடைசி எண்ணையும் கூட்டி 3600-ஆல் வகுத்தால் நேயர்-மணி வந்துவிடும். வகுப்பதற்கு முன் தேடுபொறி ரோபோக்களையும், நிலையம் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே வைத்த கண்காணிப்புக் கருவியையும் கழித்துவிடுங்கள். என்னுடைய கண்காணிப்புக் கருவி ஒரு மாதம் முழுக்க என் நிலையத்தின் மிக விசுவாசமான நேயராக இருந்தது.

படி 5: பிளேலிஸ்ட் விதிகள்

உரிமம் வாங்கிவிட்டால் இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்று நினைப்பார்கள். அமெரிக்க உரிமத்தில் எந்த மூன்று மணி நேரத்தை எடுத்தாலும் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது. அதில் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கூடாது. ஒரே கலைஞருடையது நாலுக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக மூன்றுக்கு மேல் கூடாது. பிறந்தநாள் என்று ஒரே பாடகரின் பாட்டை நாள் முழுக்க ஓட்டும் வழக்கம் இருந்தால் அதை மாற்ற வேண்டியிருக்கும்.

எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டிப் பட்டியல் வெளியிடவும் கூடாது. பாட்டுக்குச் சற்று முன்னால் அறிவிப்பாளர் பெயர் சொல்வதில் தவறில்லை. ஓடும்போது பாடல், ஆல்பம், கலைஞர் பெயர் நேயருக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். என் மானம் போன அந்தப் பெயர்ப் பட்டை சட்டப்படியே தேவையானது என்பது பிறகுதான் தெரிந்தது.

நேயர் விருப்பம்? இது நம் வானொலிப் பழக்கத்தில் ஊறிய நிகழ்ச்சி, விடச் சொல்ல மாட்டேன். விருப்பம் கேட்பதே தவறில்லை. ஆனால் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள், அல்லது நேயர் கேட்ட நேரத்தில், போடும் பாட்டுகளே அந்த அலைவரிசையின் பெரும்பகுதியாக இருந்தால், அது நேயர் கட்டுப்பாட்டில் இயங்கும் சேவையாகக் கருதப்படும். இந்த உரிமம் அதற்குச் செல்லாது. ஆகவே விருப்பங்களை வாங்கி வைத்து, மறுநாள் நிகழ்ச்சியில் நேரம் சொல்லாமல் கலந்து போடுங்கள். அந்தக் காலத்தில் அஞ்சலட்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த நேயர்களுக்கு ஒரு நாள் ஒன்றும் பெரிதில்லை.

மற்ற நாடுகளில் எண்கள் மாறும். சில இடங்களில் இந்த வரம்பே இருக்காது. ஆனாலும் மேலே சொன்ன வரம்பை மென்பொருளின் சுழற்சி அமைப்பில் போட்டுவிட்டால் தலைவலி குறையும். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்ற நேயர் புகாரும் நின்றுவிடும்.

படி 6: கலைஞரிடமே கேட்பது

உரிமச் செலவு கட்டுப்படி ஆகவில்லை என்றால், சுயாதீனக் கலைஞர்களிடம் நேரடியாக அனுமதி வாங்கி நடத்தலாம். "போட்டுக்கோங்க ப்ரோ" என்ற வாட்ஸ்அப் செய்தி ஒரு நாள் கைவிடும். நான் அனுப்பும் கடிதம் இவ்வளவுதான்:

"கீழே பட்டியலிட்ட பாடல்களின் ஒலிப்பதிவு, இசை, வரிகள் ஆகியவற்றின் உரிமை என்னிடம் உள்ளது. இவற்றை உங்கள் இணைய வானொலியில் நேரடி ஸ்ட்ரீமாக, எல்லா நாடுகளிலும், கட்டணமின்றி ஒலிபரப்ப அனுமதிக்கிறேன். நிகழ்ச்சிப் பதிவாக வைக்க அனுமதி: உண்டு / இல்லை. முப்பது நாள் முன்னறிவிப்புடன் இந்த அனுமதியை நான் திரும்பப் பெறலாம். நான் எந்த ராயல்டி சங்கத்திலும் உறுப்பினர் இல்லை / உறுப்பினர். சங்கத்தின் பெயர்: ___."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தில் சேரும்போது உறுப்பினர் தன் நிகழ்த்தல் உரிமையையே சங்கத்தின் பெயருக்கு மாற்றிவிடுகிறார். அதன் பிறகு அவர் மனமார "இலவசமாகப் போடுங்க" என்றாலும், அந்த உரிமை அவர் கையில் இல்லை. அமெரிக்காவின் ஆஸ்காப், பி.எம்.ஐ. உறுப்பினர்கள் நேரடியாகவும் அனுமதி தரலாம்.

பதிலை மின்னஞ்சலில் வாங்கி, பிடிஎஃப் ஆக்கி, விரிதாளில் அந்தப் பாட்டின் வரிக்கு நேரே சேருங்கள். கோப்பையும் கலைஞரிடமே கேட்டு வாங்குங்கள். நல்ல தரத்தில் அனுப்புவார்கள், முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

படி 7: 'இலவச' பாட்டுகளின் பொறிகள்

படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் 2002 முதல் இருக்கிறது. ஜமெண்டோ, ஃப்ரீ மியூசிக் ஆர்கைவ் போன்ற இடங்களில் பாட்டு கிடைக்கும். உரிமத்தின் பெயரைக் கவனியுங்கள். 'படைத்தவர் பெயரை மட்டும் சொன்னால் போதும்' என்ற வகை என்றால் நிம்மதி. 'வணிகமற்ற' என்ற நிபந்தனை இருந்தால், உங்கள் நிலையத்தில் விளம்பரம் வந்த அன்றே அந்தப் பாட்டு கேள்விக்குள்ளாகும். 'மாற்றம் கூடாது' என்றால் அதை வெட்டி ஜிங்கிள் செய்யாதீர்கள். ஒருவர் இன்னொருவரின் பாட்டைப் பாடி, தன் பதிவுக்கு இந்த உரிமம் போட்டிருந்தால், அது ஒலிப்பதிவுக்கு மட்டும். மெட்டு அவர் கொடுக்கக்கூடியது இல்லை. பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கலைஞர் நாளை பக்கத்தையே நீக்கிவிடலாம்.

பழைய பாட்டு என்றால் பதிப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆகிவிட்டது என்ற நம்பிக்கையும் ஆபத்து. 1960-ல் வெளியான ஓர் ஒலிப்பதிவு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு முடிந்து 2020 கடைசியோடு விடுதலை ஆகிவிட்டது. ஆனால் அதன் மெட்டும் வரிகளும், எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை காக்கப்படும். அதே காலத்தில் அமெரிக்காவில் வெளியான ஒலிப்பதிவோ அங்கே 2067 வரை பூட்டு. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஒலிப்பதிவுக்கு 70 ஆண்டு. நாடு, சொத்து இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் பழசு என்பதற்காக மட்டும் ஓட்ட முடியாது.

முப்பது விநாடி வரை போடலாம், கலைஞர் பெயர் சொன்னால் போதும், 'உரிமை மீறும் நோக்கமில்லை' என்று எழுதிவைத்தால் போதும் என்பதெல்லாம் கட்டுக்கதை. மேலே போகலாம்.

படி 8: பதிவும் உருவலும்

நேரடி ஸ்ட்ரீமுக்கு வாங்கிய உரிமம் பாட்காஸ்டுக்குப் பொதுவாகச் செல்லாது. தரவிறக்குவது பிரதி எடுப்பது, அதற்கு அனுமதி தனி. நிகழ்ச்சியைப் பதிவேற்றுவதாக இருந்தால் பாட்டை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் போடுங்கள். இதற்காகவே ஒலிபரப்பும்போது மைக்கைத் தனி டிராக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டும் வேலையே இருக்காது. அமெரிக்க உரிமம் பாட்டோடு கூடிய நிகழ்ச்சியைத் திரும்பக் கேட்க வைப்பதை அனுமதிக்கிறது; ஆனால் ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மொத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

உங்கள் ஸ்ட்ரீமையே சிலர் உருவுவார்கள். பாடல் பெயர் மாறும் நொடியில் துண்டாக்கிக் கோப்பாகச் சேமிக்கும் மென்பொருள் இருக்கிறது. முழுதாகத் தடுக்க முடியாது. பாட்டும் பாட்டும் நாலு விநாடி ஒன்றன்மேல் ஒன்று கலக்கும்படி வைத்து, பெயர் மாற்றத்தையும் சற்றுத் தாமதப்படுத்தினால், துண்டுகள் தலையும் வாலும் இல்லாமல் போகும். "பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பாளர் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. அது உரிம நிபந்தனையிலேயே கை வைப்பது.

படி 9: நோட்டீஸ் வந்தால்

முதலில் போலியா என்று பாருங்கள். எந்தப் பாட்டு, யார் உரிமையாளர், எந்த இணைப்பு என்று எதுவும் சொல்லாமல், பணம் கட்ட ஒரு சுட்டி மட்டும் இருந்தால் சுட்டியைத் தொடாதீர்கள்.

உண்மையானதாகத் தெரிந்தால், குறிப்பிட்ட பாட்டை உடனே ஓட்டத்திலிருந்து எடுங்கள். சர்வர் பதிவுகளை அழிக்காதீர்கள். பயத்தில் எல்லோரும் செய்யும் தவறு அதுதான், உங்களுக்குச் சாதகமான கணக்கும் அதிலேயே இருக்கும். பிறகு விரிதாளில் அந்த வரியைப் பாருங்கள். அனுமதி இருந்தால் அதன் நகலோடு, சர்வர் நிறுவனம் கொடுத்த கெடுவுக்குள், நாலே வரியில் பதில் எழுதுங்கள். அமெரிக்க முறையில், பாட்டை நீக்கியது தவறு என்று மறுக்கும் முறையான எதிர் நோட்டீஸும் உண்டு. ஆனால் அதில் பொய் சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனை வரும் என்ற உறுதிமொழியோடு கையெழுத்திட வேண்டும். கையில் காகிதம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அனுமதி இல்லை என்றால் எடுத்துவிட்டதாக எழுதுங்கள், அதற்கு மேல் கதை எழுத வேண்டாம். அமெரிக்காவில் வழக்கானால் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு படைப்பு ஒன்றுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை. தெரிந்தே செய்தது என்றால் 1,50,000 வரை போகலாம். இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தால், பதில் எழுதும் வேலையை உங்கள் வக்கீலிடம் விடுங்கள்.

அப்புறம் அந்தப் பாட்டு எந்த வழியாக வந்ததோ, அதே வழியில் வந்த மற்றவற்றையும் வடிகட்டி நிறுத்தி வையுங்கள். விரிதாளில் 'வந்த வழி' என்ற கட்டத்தை முதலிலேயே போடச் சொன்னது இதற்காகத்தான். கட்டம் இல்லாமல் நான் முதல் தடவை இதைத் தேடியபோது மூன்று ராத்திரி ஆனது.